ஊதச் சொல்லுங்க

உடல் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிப் பார்த்தார் எஸ்.ஐ. முருகவேல். கோமளவல்லி பெஞ்சை விட்டு அசையவில்லை.

"அங்க போறதுக்கு எனக்கு மூஞ்சி இல்லைங்க. மொதல்ல அவனை ஊதச் சொல்லுங்க."

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காக மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு அமைத்திருந்த போலீஸ் முகாம் அது. காலையில் அரக்கோணம் சாலையில் லோடு வேன் மோதி, பாதயாத்திரையாக வந்த மணவூர் எல்லப்பன் அந்த இடத்திலேயே செத்துப்போனார். சொந்தக்காரர்கள் கிளம்பி வருவதாக ஊரிலிருந்து போன் வந்தது. அடுத்த அரை மணியில் தலைவிரிகோலமாக இவள் வந்து நின்றாள். ஏட்டம்மா பிரபாவதி கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

வேனை ஓட்டிவந்த பரணிதரன் கொட்டகையின் அந்தக் கோடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் வேட்டி, கழுத்து நிறைய மாலை. அவள் உள்ளே நுழைந்ததிலிருந்து அவன் தலை நிமிரவே இல்லை.

இந்த ஊரில் மாலை போட்டவன் சாமி. அறுபது வயசுக்காரர்கூட அவனுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பார். சாமியின் வாயை மோந்து பார்க்க எந்தப் போலீஸ்காரருக்கும் மனசு வராது. ஊதுகிற மெஷின் காலையிலிருந்து பெட்டிக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

முருகவேலும் அதைத்தான் சொன்னார். சாமி விரதத்தில் இருக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை என்கிறது, கவனக்குறைவு என்று கேஸ் எழுதியாகிவிட்டது.

"அப்போ சாயந்தரமே ஜாமீன்ல வெளிய வந்துடுவானா?"

"ஆங், அந்தக் கேசுக்கு அப்படித்தாம்மா."

"குடிச்சிட்டு ஓட்டி ஆளைக் கொன்னா பத்து வருசம் உள்ள வெக்கிற கேசு இருக்குதாமே. பஸ்ல வரும்போதே வக்கீலைக் கேட்டுக்கினுதான் வந்தேன். அதைப் போடுங்க."

அவன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடித்தான், குடித்துவிட்டு எடுத்து மாட்டிக்கொண்டான், கண்ணால் பார்த்தேன் என்றாள். துக்கத்தில் இருப்பவள் என்னதான் பேசமாட்டாள் என்று முருகவேல் பொறுத்துக்கொண்டார். கிருத்திகையும் அதுவுமாக மாலை போட்டவன்மேல் அபாண்டம் சொன்னால் பாவம் சும்மா விடாது என்று மட்டும் எச்சரித்தார்.

கோமளவல்லி எழுந்து நின்றாள்.

"அந்தப் பாவம் எனக்கே வரட்டும். நேரமாவ ஆவ ரத்தத்துல இருக்கிறது எறங்கிடும். ஊத வெக்கலைன்னா நட்ட நடு ரோட்டுல போய்ப் படுத்துக்குவேன். காவடியெல்லாம் என்னைத் தாண்டிக்கினு போவட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள். பம்பைக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான், அவன் பின்னால் வந்த புஷ்பக் காவடிகளும் நின்றன. முருகவேலுக்கு வியர்த்தது. மேலதிகாரி எந்த நேரமும் வரலாம். மெஷினை எடுத்து வரச் சொன்னார்.

பரணிதரன் ஊதினான். முப்பதுக்கு மேல் போனாலே குற்றம், இவனுக்கு நூற்றெழுபது காட்டியது. சாமி ஒரே நொடியில் "டேய்" ஆனான். இரண்டு போலீஸ்காரர்கள் ரத்தம் எடுக்க அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

முருகவேலுக்கு முகம் சுண்டிப் போயிருந்தது. எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுசு எடுத்தார். பெரிய கேஸாகவே போடுகிறேன் என்றார். பார்த்ததைச் சொன்ன சாட்சியாக அவள் பெயர் இருந்தால் கேஸ் கோர்ட்டில் நிற்கும் என்றும், அதற்காக அவள் கூண்டேற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவதாகச் சொல்லிப் பெயரையும் பொதட்டூர்பேட்டை விலாசத்தையும் கொடுத்தாள் கோமளவல்லி.

"செத்துப்போனவருக்கு நீங்க என்ன உறவும்மா, சம்சாரமா?"

ஜீப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் கண் கலங்கியது.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. ஓட்டினவன் நான் பெத்த புள்ள."