மேசையில் ஒரு டப்பா

மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன.

ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கராஜ் விளக்கைப் போட்ட கை சுவிட்சிலேயே நின்றது. முன்னால் நின்ற டப்பா அவள் தேர்ந்தெடுத்தது. பின்னால், கை துடைக்கும் துணியின் மறைவில், இன்னொன்று. இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே கம்பெனி.

தோட்டா நிரப்பக் கற்றுத்தரும் புதன்கிழமை மாலை வகுப்பில் முதல் நாள் சொன்னது இதைத்தான். மேசையில் எந்நேரமும் ஒரே ஒரு வெடிமருந்து. அடுத்ததை எடுக்குமுன் முந்தையது அலமாரிக்குள் போயிருக்க வேண்டும்.

அவள் அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

முதல் டப்பாவைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அண்ணன் சென்னியப்பனுடையது அடுத்த தோட்டாவைத் தானே இழுத்துக்கொள்ளும் துப்பாக்கி. ஒவ்வொரு வெடியிலும் கொஞ்சம் புகையைப் பிடித்து, அந்த விசையில் வெறுங்கூட்டை வெளியே எறியும். மருந்து மெதுவாக எரிந்தால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும். வேகமாக எரிந்தால் துப்பாக்கியே தாங்காது. நடுவில் ஒன்று வேண்டும். அட்டவணைகளைப் பார்த்தாள். ஆசிரியரிடம் மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறை அவர் சிரித்துவிட்டார்.

இரண்டாவது டப்பாவில் இருந்தது வேகமான மருந்து. அண்ணனின் சின்னத் துப்பாக்கிக்கு உரியது.

வியாழன் மாலை அவள் நாற்பது தோட்டா நிரப்பியிருந்தாள். பெட்டியில் வரிசையாக நின்றன. பித்தளைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

வாசலில் ஹாரன் கேட்டது.

அண்ணன் வந்து பெட்டிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. ஒரு சந்தேகம், நாற்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள். காரில் அண்ணன் மகள் மிருதுளா காதுமூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். மைதானத்தில் அவள் சுடப்போவது இன்றுதான் முதல் தடவை.

அண்ணன் சிரித்தார்.

"பூட்டுன பூட்ட நாலு தடவ இழுத்துப் பாக்கற ஆளு நீ. உனக்கெங்க அம்மிணி தப்பு வரும்? செரி, வெச்சுக்க. போன வாரம் குடுத்த இருவதும் காருலயே கெடக்குது. அது போதும் எங்களுக்கு."

கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, இதைக் கொண்டுபோகவில்லை.

சுத்தியல் மாதிரியான கருவி. அதன் தலையில் தோட்டாவை மாட்டித் தரையில் தட்டினால் குண்டு தனியாக, மருந்து தனியாகக் கழன்று விழும். முதல் தோட்டாவின் மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

நீளக் குச்சி போன்ற துகள்கள். சரியான மருந்துதான்.

வேகமானது குட்டைக் குச்சியாக இருக்கும். வித்தியாசம் அரை அரிசி கூட இல்லை.

இரண்டாவது. நீளம்.

ஐந்தாவதில் நிறுத்தலாமா என்று தோன்றியது. ஐந்து சரியென்றால் ஆறும் சரியா? நிறுத்தவில்லை.

தோள் வலித்தது. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக் போட்டாள். பத்து. இருபது. முப்பத்தைந்தைத் தாண்டியபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது. அண்ணன் இதை இன்னும் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்.

நாற்பது.

எல்லாம் நீளம்.

சிரிப்பு வந்தது. அழுகையும் கொஞ்சம். கூடுகளைப் பெட்டியில் அடுக்கினாள். முதல் டப்பாவை எடைபோட்டு அலமாரியில் வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

உள்ளே வைக்குமுன் நிறுத்து எழுதுவது அவள் வழக்கம். தராசில் வைத்தாள்.

நோட்டில் இருந்த எடையைவிடக் குறைவு.

டப்பாவைத் தூக்கி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வைத்தாள். அதே எண்.

குறைந்ததை, ஒரு தோட்டாவுக்கு அவள் போடும் மருந்தால் வகுத்தாள்.

இருபது.

போன வாரத்துப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் கையெழுத்துதான். வகுப்பு முடிந்து வந்தது. களைப்பு. இருபது தோட்டா. ஒவ்வொன்றும் நிறுத்துப் பார்த்தேன். எடை சரி.

ஆமாம், சரிதான். தராசு எடையைத்தான் சொல்லும். எதை நிறுக்கிறோம் என்று சொல்லாது.

துணிக்குப் பின்னால் அந்த டப்பா நின்றது வியாழனிலிருந்து அல்ல. போன வாரப் புதனிலிருந்து.

அண்ணனின் எண்ணை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. காதை மூடியிருப்பார்.

சுடும் மைதானத்து அலுவலக எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. வகுப்பின் முதல் நாளே எழுதி வைத்தது. மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். அவள் அண்ணன் பெயரைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண்ணும் கூட இருப்பாள் என்றாள். சுட வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள், தோட்டா தப்பு.

யார் நிரப்பியது என்று கேட்டார் அந்த ஆள்.

"நான்" என்றாள்.

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். ஓடும் பூட்ஸ். கதவு திறந்தது.

அதன் வழியே மைதானம் கேட்டது. அங்கொன்று, இங்கொன்று. பிறகு ஒரு வெடி, மற்றவற்றைவிடப் பெரிதாக. அல்லது கதவு திறந்திருந்ததால் அப்படிக் கேட்டிருக்கலாம்.

பிறகு எல்லாச் சத்தமும் நின்றது.

அவள் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

பென்சிலை எடுத்து, மணி 10:42 என்று எழுதினாள்.

அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று, போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தாள்.