ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம்

"உன்னை வேலையை விட்டு அனுப்பிடறதா முடிவு பண்ணிட்டாங்கம்மா. நான் எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன்," என்றான் கணவன்.

மனைவி சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே குவாண்டம் கணினியோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டும் விஞ்ஞானிகள். அது விடும் பிழைகளைத் திருத்த வழி கண்டுபிடித்தவளே அவள்தான்.

"நான் டைரக்டர்கிட்டப் பேசிப் பார்க்கட்டுமா?"

"எதுக்கு? அதை அவர் வாயால வேற கேட்டு அவமானப்படணுமா? நீயே ராஜினாமா பண்ணிடு. கௌரவமா இருக்கும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். அப்போதே ராஜினாமாவை அனுப்பினாள்.

மறுநாள் காலை டைரக்டர் அவனைக் கூப்பிட்டார். அவர் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"என்னப்பா இது? உன்னை அனுப்பிட்டு உன் மனைவியைக் குழுத் தலைவராப் போடப்போறோம்னு நேத்து பக்குவமாத்தானே சொன்னேன்? அவங்க ஏன் ராஜினாமா பண்ணாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னை அனுப்பற இடத்துல தான் மட்டும் இருக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா சார்."

டைரக்டர் நெகிழ்ந்துபோனார். "மெஷினைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது வேணுமே... சரி, நீயே தலைவரா இரு."

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டான். "தலைவரா என்னைப் போட்டுட்டாங்கம்மா."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அப்பாடா! உங்க அருமையாவது அவங்களுக்குத் தெரிஞ்சுதே. என் கணக்கெல்லாம் புரியலைன்னா கூச்சப்படாமக் கேளுங்க. நான் வீட்டுல சும்மாதானே இருக்கேன்."