அதற்குச் சற்று முன்பு

ஜியோமெட்ரி பாக்ஸ் தரையில் மோதிய சத்தத்தில் வகுப்பே துள்ளியது. கைதவறி விழவில்லை, ஓங்கி வீசப்பட்டது. காம்பஸும் ஸ்கேலும் மூலைக்கொன்றாய்ச் சிதற, "டமாரம்! டமாரம்!" என்று பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள்.

அந்தப் பட்டப்பெயருக்குச் சொந்தக்காரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பின் பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை எழுந்தார். புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்கத்தான் அவர் வந்து உட்காருகிறார். அவர் உட்கார்ந்தாலே டீச்சருக்கு உள்ளங்கை வியர்க்கும். போதாததற்கு, அவர் வரும் நாளெல்லாம் இவளுடைய இந்தக் கூத்து.

"வெளியே போய் நில்லு!" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பினாள். எதுவரை போட்டோம் என்பதே மறந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். விடை சுலபமாக வந்தது.

மணி அடித்து வகுப்பு காலியானதும் தலைமையாசிரியை சொன்னார். "நாளைக்கு அவ அம்மாவை வரச் சொல்லுங்க. இனிமே அவ இங்க வேணாம்."

"நான் பேசிப் பாக்கறேன் மேடம். ஏதாவது காரணம் இருக்கும்."

"காரணமா? கொழுப்பு! சரி, பேசுங்க. வாசல்லயே நிக்கறேன். காரணத்தோட வந்தா யோசிக்கலாம். இல்லேன்னா அவ பேரை அடிச்சிடுவேன்."

டீச்சர் அவளை உள்ளே அழைத்தாள். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'ஏன் செஞ்சே?' என்று கேட்டால் பிள்ளைகளின் வாய் பூட்டிக்கொள்ளும். எந்தச் சேட்டையும் தானாகக் கிளம்புவதில்லை. சற்று முன்பு ஏதோ ஒன்று அதைக் கிளப்பியிருக்கும். அதைச் சரிசெய்துவிட்டால் பிள்ளையைத் திட்டவே வேண்டாம்.

"யாராவது சீண்டினாங்களா?"

"இல்ல மிஸ்."

"காலையில சாப்பிட்டியா?"

"ரெண்டு தடவை மிஸ்."

"போர்டுல கணக்குப் போடக் கூப்பிட்டுடுவேன்னு பயமா?"

"கணக்குக்கா? நானா?" அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

வெளியே செருப்புச் சத்தம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தது. "டீச்சர், ஆச்சா?"

"ஒரு நிமிஷம் மேடம்!" டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரும்மா, காரணம் தெரியலேன்னா உன்னை அனுப்பிடுவாங்க. நான் திட்ட மாட்டேன். எதுவா இருந்தாலும் அப்படியே மேடம்கிட்ட சொல்லி உன்னைக் காப்பாத்தறேன். பாக்ஸை வீசறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்னதான் நடந்துச்சு?"

"மேடம்கிட்ட சொல்ல வேணாம் மிஸ்."

"சொல்லித்தான் ஆகணும். சொல்லு."

அவள் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு டீச்சரின் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"இன்னைக்கும் கழிக்க வேண்டிய இடத்துல கூட்டிட்டீங்க மிஸ்."