வாசலில் வேப்பிலை

இன்றைக்கும் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

உப்பளத்திலிருந்து வந்த சுலோசனா தலையிலிருந்த சும்மாட்டைக் கூட எடுக்கவில்லை. கொத்தைப் பிடுங்கினாள். ஆத்தா இலையைத் தரையில் வீச மனசு வராமல், கண்ணில் ஒற்றிக் கூரையில் செருகினாள். அங்கே ஏற்கெனவே ஐந்து கொத்து காய்ந்துகொண்டிருந்தது.

"எவடீ அவ? எம் பொண்ணுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி இருபது நாளாச்சு. இன்னும் அம்மை வீடுன்னு அடையாளம் வைக்கிறீங்களா?"

தெருவைப் பார்த்துக் கத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஏழு வயது பிரியதர்ஷினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அம்மா, இன்னிக்கும் யாருமே விளையாட வரல."

பட்ட காலிலே படும் என்பது அந்தப் பிள்ளை விஷயத்தில் சத்தியம். முதலில் கிட்னி. அதற்கு மாத்திரை. சுனாமிக்கு முந்தின கோடையில் அம்மை. இந்த மாசியில் மறுபடியும்.

"இந்த மாத்திரையால உடம்புல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்கு. அதான் திரும்ப வருது. இன்னொரு தடவை வந்தா உயிருக்கே ஆபத்து. அம்மை உள்ள யாரையும் கிட்ட சேர்க்காதீங்க" என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார்.

சுலோசனாவும் தெரு முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். "ஆத்தா ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை வர்றான்னா, நீ என்ன குத்தம் பண்ணியோ" என்றுதான் பதில் வந்தது.

அழக்கூடத் தெம்பில்லை. ஆனால் ஆளைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு பண்ணினாள். மறுநாள் வேலைக்குப் போகாமல், விடியும்போதே கதவோரம் காத்திருந்தாள்.

வந்தது எதிர்வீட்டு ஆராயி. போன மாசம் குழாயடியில் இவள் குடத்தைத் தூக்கி எறிந்தவள். வெறுங்கையோடு தெருவின் அந்தப் பக்கமே நின்று, "ஏ சுலோசனா!" என்று கூப்பிட்டாள்.

சுலோசனா வெளியே பாய்ந்தாள். "நீதானா வேப்பிலை வைக்கிறவ?"

"ஆமா, நான்தான்."

"குழாயடிச் சண்டைக்கு எம் பொண்ணுகிட்டயா பழி தீர்க்கிற? இப்பக்கூட எட்டி நிக்கிற. அவ்ளோ அருவருப்பா?"

"கத்தாத. தெருவுல நாலு வீட்ல அம்மை. அந்த வீட்டுப் புள்ளைங்க உம் பொண்ணோட ஆட வருதுங்க. நீ அளத்துல கெடக்குற. நான் எத்தனை தடவை வெரட்டுறது? டாக்டர் பேச்சை எவ கேக்குறா? வேப்பிலையைப் பார்த்தாத்தான் இங்க ஒருத்தரும் படியேற மாட்டாங்க."

சுலோசனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆராயி..." என்று தெருவில் இறங்கினாள்.

ஆராயி பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"அங்கேயே நில்லு! எம் பையனுக்கு நேத்துலேர்ந்து அம்மை போட்டிருக்குது. இனிமே நான் உன் வாசப்படி மிதிக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்னியிலேர்ந்து நீயே செருகிக்க."