ஊரில் இல்லாத பிள்ளை

விசாரிக்க வந்த அதிகாரி இரண்டாவது தேத்தண்ணியையும் கேட்டு வாங்கிக் குடித்தபோது, மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே கேதீஸ்வரி முடிவுகட்டினாள்.

மகன் ஜெயந்தன் கொழும்பில் மின்வேலை செய்கிறவன். விமான நிலையத்தில் நிரந்தர வேலை சரிவந்திருந்தது; ஆளில் பிழையில்லை என்று பாதுகாப்புப் பிரிவு எழுதிக்கொடுத்தால் போதும். அதற்காகத்தான் ஆதம்பாவா என்ற அந்த அதிகாரி, சாதாரண உடுப்பில், மோட்டார் சைக்கிளில் தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தார்.

சங்கடம் ஒன்றே ஒன்றுதான். யுத்தக் காலத்தில், பதினெட்டு வயதில், வாவியோரக் கண்ணாப் பற்றைக்குள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்டு, ஒரு பங்குனி முழுக்க ஜெயந்தன் மறியலில் கம்பி எண்ணிக்கொண்டு கிடந்தான். அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததுமே கேதீஸ்வரி வீடுவீடாகப் போய், மறியல் என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது என்று கெஞ்சிவிட்டு வந்தாள். நாங்களும் தலையாட்டினோம். அயலவருக்கு அரிசி இல்லையென்று சொல்லியிருக்கிறோம். பொய் இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதிகாரியோ குடி, சண்டை, களவு எதையுமே கேட்கவில்லை. அந்த வருடம் பங்குனியில் ஜெயந்தன் எங்கே இருந்தான் என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் தன்மையாகக் கேட்டார்.

பழக்கதோஷம் அங்கேதான் வேலையைக் காட்டியது. அந்த நாட்களில் யார் வந்து எந்தப் பெடியனைக் கேட்டாலும் 'ஊரில் இல்லை' என்பதுதான் எங்கள் பதில். ஆமிக்கும் அதே பதில், இயக்கத்துக்கும் அதே பதில். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் அது எங்கள் நாக்கை விட்டுப் போகவில்லை.

ஊரில் இல்லை, கதிர்காமத்துக்கு நடந்து போனவன் என்றாள் முன்வீட்டுப் புஸ்பம். கதிர்காமத்துக்கு நடப்பது ஆடித் திருவிழாவுக்கு என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

ஊரில் இல்லை, கொக்கட்டிச்சோலையில் என் வயலுக்குக் காவல் நின்றவன் என்றார் அழகரத்தினம். வெறுங்கையோடா என்று அதிகாரி கேட்க, இல்லை, யானை விரட்டும் வெடி வைத்திருந்தவன் என்று கெட்டித்தனமாக வேறு சொன்னார். வாவிக்கு அந்தப் பக்கம் அப்போது இயக்கத்தின் கையில் இருந்ததை அவர் யோசிக்கவேயில்லை. யோசிக்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை.

அதிகாரி கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"ஒராள் கதிர்காமம் எண்டுறா. ஒராள் கொக்கட்டிச்சோலை எண்டுறார். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"ரெண்டு இடத்துக்கும் போனவன்தான் ஐயா."

"அப்ப ஊரில இருக்கல்ல."

"சத்தியமா இருக்கல்ல ஐயா."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கோப்பையை மெல்ல வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

பதினெட்டு வயதுப் பெடியன், அந்தக் காலம், ஒரு மாதம் ஊரில் இல்லை, வாவிக்கு மேற்கே, கையில் வெடி. நாங்கள் ஆளுக்கொரு கல்லாக வைத்துக் கட்டி முடித்தது என்ன என்பது கேதீஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. படலையடிக்கு ஓடிப்போய் மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவன் எங்கயும் போகல்ல. கசிப்புக் காய்ச்சிப் பிடிபட்டு மறியலில கிடந்தவன். நாங்கதான் வெக்கத்தில மறைச்ச. வேணுமெண்டா ஊரைக் கேட்டுப் பாருங்க."

நாங்கள் எல்லோரும் தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தோம்.

அதிகாரி தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார்.

"உங்கட மகனும் இதைத்தானம்மா சொன்னவர். பழைய மறியல் பதிவு ஒண்டும் கிடைக்கல்ல, அதான் ஊரைக் கேக்க வந்தன்."