தேன் நிற மண்டையோடு

ஊர் வழக்கப்படி மீண்டும் தோண்டிய குழிக்குள் மண்டியிட்டிருக்கும் எவாந்தியா, சில வருடங்களுக்கு முன் புதைத்த தன் அண்ணனின் மண்டையோட்டை இரு கைகளாலும் வெளியே எடுக்கிறாள். எலும்பு கறுத்திருந்தால் பாவம் கரையவில்லை என்பது இந்த ஊர்க் கணக்கு. காலை வெயிலில் அது தேன் நிறத்தில் மினுங்குகிறது. "பாத்தீங்களா? எங்கண்ணன் நேரா சொர்க்கத்துக்கே போயிட்டான்!" பெண்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். பாதிரியார் பாவமன்னிப்பு ஜெபம் சொல்லி, எலும்பைக் கழுவ மதுவைச் சாய்த்து ஊற்ற, கண்குழி வழியாகச் சிவப்பாக ஒழுகுகிறது. செத்தவனின் மனைவி ஸ்தமாத்தியா குழி விளிம்பில் நின்று அதையே பார்க்கிறாள். கர்ப்பமாக இருந்தவளை வயிற்றில் உதைத்துப் பிள்ளையைக் கொன்றவன் அவன். கறுத்த எலும்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கல்லறையில் விளக்கேற்றி வந்தாள். "முத்தம் குடுங்க அண்ணி, நீங்கதானே முதல்ல குடுக்கணும்," என்று எவாந்தியா அதை அவள் கையில் திணிக்கிறாள். முட்டை ஓடுபோல் கனமே இல்லாமல் இருக்கிறது. உதைபட்ட அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் சப்ரியே, கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே நின்று கேட்கிறாள். "நீ மன்னிச்சிட்டியாக்கா?" "இல்லடி." "எங்க மார்க்கத்துல, அடிபட்டவ மன்னிக்காம அல்லாவும் மன்னிக்க மாட்டான்." ஸ்தமாத்தியா மண்டையோட்டைப் பாதிரியாரின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடிக்கிறாள். "சாமி, இவனை மன்னிச்சப்போ, என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" மது தீர்ந்த குவளையை அவர் இன்னும் சாய்த்தே பிடித்திருக்கிறார்.