சகலை வீட்டு மாத்திரை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

அக்காளை மணந்தவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மாடியில் இருப்பவர். தங்கையை மணந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கீழ்த்தளத்தில் இருப்பவர். எழுபதைக் கடந்த இருவரும் ஒரு மருத்துவமனை ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். முதியவர்களின் இரத்தத்தில் மிகும் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருளை பி வைட்டமின் குறைக்கும்; அது குறைந்தால் மறதியும் தள்ளிப்போகுமா என்பதே ஆய்வின் கேள்வி. பாதிப் பேருக்கு வைட்டமின். மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கே தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு டப்பா.

எழுத்தரின் தந்தை, கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே "நீங்க யாரு?" என்று கேட்டவர்.

சேரும்போது சகலைகள் இருவருக்கும் ஹோமோசிஸ்டீன் அளவு இருபது. அதன்பின் ஆய்வில் அளவைச் சொல்லமாட்டார்கள். முதல் டப்பா தீரும் தறுவாயில், பொறுக்கமாட்டாமல் எழுத்தர் வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். ஓட்டுநரையும் இழுத்துக்கொண்டு போனார்.

எழுத்தருக்கு இருபது. ஓட்டுநருக்கு ஒன்பது.

"பாத்தியா?" என்று மனைவியிடம் பொருமினார். "உன் தங்கச்சி புருஷனுக்கு அசல். எனக்கு மாவு."

"அதுக்கு அவர் என்னங்க பண்ணுவாரு? குலுக்கல்ல வந்தது."

"கல்யாணமான நாள்லேர்ந்து எல்லாக் குலுக்கலும் அவனுக்குத்தான் விழுது. உங்க அம்மா விழுந்து விழுந்து சிரிச்சது அவன் ஜோக்குக்கு. தலைமுடி கொட்டாதது அவனுக்கு. இப்ப இதுவும்."

"முடிக்குமா குலுக்கல் போட்டாங்க? வேணும்னா டாக்டரைக் கேட்டு, கடையிலயே வைட்டமின் வாங்கிக்குங்களேன்."

"கடை மாத்திரை யாருக்கு வேணும்? அவனுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கணும்."

மறுநாள் இருவருக்கும் புது டப்பா வந்தது. அதற்கடுத்த நாள் காலை, கீழ்வீட்டார் கடைக்குப் போன நேரத்தில், எழுத்தர் தம் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். அலமாரியில் இருந்த ஓட்டுநரின் மாத்திரைகளைத் தம் டப்பாவிலும், தம்முடையவற்றை ஓட்டுநரின் டப்பாவிலும் மாற்றிக் கொட்டினார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

ஆறு மாதம் கழித்து, மீண்டும் அதே பரிசோதனைக் கூடம்.

எழுத்தருக்கு இருபது. ஓட்டுநருக்கு ஒன்பது.

எழுத்தர் நேரே மருத்துவரிடம் போனார். ஓட்டுநரும் பின்னாலேயே வந்தார்.

"அவருக்கு மட்டும் குறையுது, எனக்கு அசையவே இல்ல. இதுல ஏதோ கோல்மால் இருக்கு டாக்டர்."

"ரெண்டு பேரும் அவங்கவங்க மாத்திரையைத்தானே சாப்பிட்டீங்க?"

"பின்னே? அடுத்தவன் டப்பாவைத் தொடற ஆளா நான்?"

ஓட்டுநர் தொண்டையைச் செருமினார்.

"தப்பு என்னுதுதான் டாக்டர். அவங்க அப்பா மாதிரி ஆயிடுமோன்னு அண்ணனுக்குப் பயம். வெளிய சொல்லமாட்டாரு. அதான், புது டப்பா வந்த அன்னிக்கே, அவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து, என் மாத்திரையை அவர் டப்பாவுல கொட்டிட்டு, அவருதை நான் எடுத்துக்கிட்டேன். அப்படிப் பாத்தா இந்தத் தடவை அவருக்குத்தான் ஒன்பது வரணும். எப்படி வராமப் போச்சுன்னு புரியல."

எழுத்தர் பரிசோதனைச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பின்னர் முடிவானவை இவை.

விதியை மீறியதாக இருவர் பெயர்களும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன. மருத்துவர் எழுத்தருக்குக் கடை வைட்டமினையே எழுதிக்கொடுத்தார். சில மாதங்களில் அவர் அளவும் பத்துக்கு இறங்கியது. மறதி தள்ளிப்போகுமா என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது.

ஓட்டுநர் மாற்றிக் கொட்டியது ஏன் பலிக்கவில்லை என்று அக்காளும் தங்கையும் குடைந்தபோது, எழுத்தர் ஒரு விளக்கம் சொன்னார்: "எந்த டப்பா எதுன்னு குழம்பியிருப்பான்."

ஓட்டுநர் அவரை ஒரு கணம் பார்த்தார்.

"இருக்கும்ணே. எனக்கு எப்பவுமே இடது வலது குழப்பம்தான்."

ஓய்வுபெறும் நாள்வரை ஒரு விபத்துகூட இன்றிப் பேருந்து ஓட்டியவர் அவர்.